நீரிலிருந்து தோலுக்கு: நீரிழிவு பற்றிய அறிவின் வரலாற்றுத் தடம்

ஒரு நோய்க்குப் பெயரிட்டவர்கள் அந்நோயில் முதலில் எதைக் கண்டார்களோ, அதுவே பெரும்பாலும் பெயராக நிலைத்துவிடுகிறது. நீரிழிவு என்னும் சொல் இதற்கு நல்ல சான்று. நீர், இழிவு எனப் பிரியும் இச்சொல்லில் 'இழி' என்னும் வினையடி கீழிறங்குதல், ஒழுகுதல் என்னும் பொருளது. அருவி மலையினின்று இழிந்தது, அரசன் தேரினின்று இழிந்தான் என்பன பழைய வழக்குகள். ஆகவே நீர் அளவிறந்து இறங்கி ஒழியும் நோய் நீரிழிவாயிற்று. பிற்காலத்தில் இழிவு என்பதற்குத் தாழ்வு, இகழ்ச்சி என்னும் பொருளே முன்னுக்கு வந்துவிட்டமையால், இப்பெயரைத் தம் வாயால் சொல்லக் கூசுவோர் இன்றும் உளர். சொற்பொருள் மாற்றம் நோயாளர் மனத்தையும் தொடுகிறது என்பதற்கு வகுப்பறையில் எடுத்துக்காட்ட இதைவிடத் தெளிவான சொல் அரிது.

நம் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர் பேச்சில் இந்நோய்க்கு வழங்கும் பெயர் 'இனிப்பு நீர்'. மலாய் மொழியில் 'கென்சிங் மானிஸ்' என்பர். அதற்கும் இனிப்பான சிறுநீர் என்பதே நேர்ப்பொருள். இரண்டும் ஒரே வார்ப்பில் அமைந்தவை. அண்டை வீடுகளில் வாழும் மொழிகள் நோய்ப்பெயரையும் பகிர்ந்துகொள்ளும் என்று கருத இடமுண்டு. தமிழகத்தில் சர்க்கரை நோய் என்றும், இலங்கையில் சலரோகம் என்றும் வழங்கும். வடமொழி மருத்துவ நூல்களின் மதுமேகம் தேன்போன்ற நீரைக் குறித்தது. சரகர் மரபில் 20 வகை மேகங்கள் பேசப்பட்டன. நோயாளியின் சிறுநீரை எறும்பு மொய்ப்பதும் பண்டை இந்திய மருத்துவர் கண்ணுக்குத் தப்பவில்லை. கப்படோசியா நாட்டு அரெட்டேயசு கையாண்ட 'டயபெட்டிஸ்' என்னும் கிரேக்கச் சொல் ஊடாகக் கடந்து செல்வதைக் குறிக்கும். குடித்த நீர் உடலில் தங்காது ஒரு குழாயினூடே செல்வதுபோல் வெளியேறுகிறது என்பது அவர் கண்ட காட்சி. இலண்டனில் 1674இல் தாமசு வில்லிசு நோயாளியின் சிறுநீர் தேன்போல் இனிப்பதை எழுதினார். அதன் வழியே 'மெலிட்டசு' என்னும் தேன் அடை பின்னர்ச் சேர்ந்தது. 1776இல் மேத்தியூ டாப்சன் சிறுநீரை ஆவியாக்கி, எஞ்சியது சர்க்கரையே என்று காட்டினார். நோயாளியின் குருதி நீரும் இனிப்பதை அவர் குறித்தார் என்பது, பின்னர் வந்த கதைக்கு முதன்மையான செய்தி.

இத்தனை மொழிகளும் பார்த்தது ஒரே இடத்தை. நீரைப் பார்த்தன, சுவையைப் பார்த்தன. 1908இல் அமெரிக்க வேதியியலர் தான்லி பெனடிக்டு அமைத்த நீலக் கரைசல், சர்க்கரை கலந்த சிறுநீரோடு சேர்த்துச் சூடாக்கினால் பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என மாறும். பல ஆண்டுகள் உலகெங்கும் இதுவே சோதனையாக இருந்தது. நீலம் மாறவில்லையெனில் நோயாளி நிம்மதியாக உறங்கினார்.

இங்கேதான் பெயர் நம்மைத் திசைதிருப்பியது என்று சொல்லத் தோன்றுகிறது. சிறுநீரகம் குருதியிலுள்ள சர்க்கரையை வடித்தபின் மீண்டும் உள்ளிழுத்துக்கொள்ளும். குருதியில் சர்க்கரை ஏறத்தாழ லிட்டருக்கு 10 மில்லிமோல் அளவைத் தாண்டும்போதுதான் அதன் திறம் போதாமல் சர்க்கரை சிறுநீரில் கசியும். ஆனால் உண்ணாநிலையில் 7 மில்லிமோல் இருந்தாலே அது நீரிழிவு என்பது இன்றைய வரையறை. அந்த ஏழுக்கும் பத்துக்கும் இடையில் உள்ளவருக்கு நோய் உண்டு. நீரில் இனிப்பு இராது. எனவே இனிப்பு நீர் என்பது நோயின் தொடக்கத்தின் பெயரன்று; அது சற்று முற்றிய நிலையின் பெயர். மலேசியாவில் 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பதாகக் கண்டது; இனவாரியாகப் பார்க்கையில் இந்தியரிடையே விகிதம் உயர்ந்திருந்தது. சிங்கப்பூர் 2016இல் நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தது. நம் மாணவர் ஒவ்வொருவர் வீட்டிலும் இச்சொல் புழங்குகிறது என்றால் அது மிகையாகாது. ஆதலின் அச்சொல் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்று ஆராய்வது மொழி ஆசிரியரின் வேலையும்கூட.

நீரைப் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவம் தோலைப் பார்க்கக் கற்றுக்கொண்ட கதையே இவ்வுரையின் பொருள்.

பசையும் தோலும்

தோலின் உள்ளடுக்கு பெரும்பாலும் ஒரே புரதத்தால் நெய்யப்பட்டது. அதன் பெயர் கொலாஜன். கிரேக்கத்தில் 'கொல்லா' என்றால் பசை. பசையைப் பிறப்பிப்பது கொலாஜன். விலங்கின் தோலையும் எலும்பையும் கொதிக்க வைத்துப் பசை எடுத்த தொழிலாளரின் அறிவு இப்பெயரில் உறைந்து கிடக்கிறது. நம் தச்சர்கள் பலகையை ஒட்டப் பயன்படுத்திய வச்சிரம் என்னும் பசையும் இதுவே. 'வச்சிரம்' என்பது வைரத்தையும் இந்திரன் படையையும் குறிக்கும் பெருஞ்சொல்; அது தச்சுப்பட்டறையில் தோற்பசைக்குப் பெயரானது மொழியின் விளையாட்டு. கொலாஜனுக்குத் தனித்தமிழ்ச் சொல் ஆக்க வேண்டுமென்று மாணவர் கேட்பதுண்டு. ஆக்கலாம். ஆனால் மருந்துக்கடைப் புட்டியிலும் விளம்பரத்திலும் கொலாஜன் என்றே வழங்கும் நாளில், அச்சொல்லையே தமிழெழுத்தில் எழுதி அதன் உட்பொருளை விளக்குவது பயன்மிக்கது என்பது நம் கருத்து.

இப்புரதத்தின் வடிவம் கண்டறியப்பட்ட இடம் சென்னை. எர்ணாகுளத்தில் 1922இல் பிறந்த கோ. நா. இராமச்சந்திரன் 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். அவ்வாண்டு சென்னைக்கு வந்த ஆங்கில அறிஞர் பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று உரையாடலில் குறிப்பிட்டார். தோல் பதனிடும் தொழில் தழைத்த மாநிலம் அது. அதற்கென்றே 1948இல் தொடங்கப்பெற்ற மத்தியத் தோல் ஆய்வு நிறுவனம் அருகிலேயே இருந்தது. இராமச்சந்திரனும் கோபிநாத் கார்த்தாவும் கங்காருவின் வால் தசைநாண் உள்ளிட்ட பொருள்களை ஊடுகதிர் கொண்டு ஆராய்ந்து, மூன்று இழைகள் சேர்ந்து முறுக்கிய கயிறே கொலாஜன் என்று 1954இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். மறு ஆண்டு அம்மூவிழைக் கயிறு தானும் மெல்லச் சுருள்கிறது என்று திருத்தி எழுதினர். கேம்பிரிட்ஜில் கிரிக்கும் ரிச்சும் இவ்வமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்பதாகக் குறை கூறினர். இரு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்று அதற்குப்பின் சென்னையில் செய்த கணக்கே, 1963இல் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் இராமச்சந்திரன் வெளியிட்ட வரைபடத்துக்கு வழிவகுத்தது. இன்று உலகில் புரத வடிவம் பயிலும் எந்த மாணவனும் இராமச்சந்திரன் வரைபடத்தைக் கடந்து செல்ல இயலாது. ஒரு குறைகூறலுக்கு விடைதேடப் புகுந்து அதைவிடப் பெரியதொன்றைக் கண்ட நிகழ்ச்சி இது. இதைப் பள்ளிகளில் போதிய அளவு சொல்வதில்லை என்ற வருத்தம் நமக்குண்டு.

மூவிழைக் கயிற்றின் வடிவம் நம் பொருளுக்கு ஏன் வேண்டும்? ஒவ்வோர் இழையிலும் மூன்றாவது இடந்தோறும் கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலம் நிற்கும். அது சிறிதாக இருப்பதனால்தான் மூன்று இழைகளும் உள்ளே நெருங்கி முறுக்க முடிகிறது. முறுக்கின் வெளிப்புறத்தில் இலைசின் போன்ற அமினோ அமிலங்களின் கைகள் நீட்டிக்கொண்டிருக்கும். கயிற்றோடு கயிற்றைச் சேர்த்துக் கட்ட உடல் அக்கைகளையே பயன்படுத்துகிறது. உடல் அளவறிந்து போடும் இக்கட்டுகளே தோலுக்கு உறுதி தருவன. அதே கைகள்தாம் சர்க்கரைக்கும் அகப்படுகின்றன.

தோல் பதனிடுவோர் இவ்வுண்மையைத் தம் தொழிலில் அறிந்தவர்கள். தமிழகத்தில் ஆவாரம்பட்டை இட்டுப் பதப்படுத்திய தோல் பெயர் பெற்றது. பட்டையிலுள்ள துவர்ப்புப் பொருள் கொலாஜன் இழைகளைப் பற்றிப் பிணைப்பதால் பச்சைத்தோல் அழுகாமல் பதனிட்ட தோலாகிறது. அதே ஆவாரையின் பூவைச் சித்த மருத்துவர் நீரிழிவுக்கான குடிநீரில் சேர்த்தனர். இது சுவையான உடன்நிகழ்வு, அவ்வளவே. ஆவாரம்பூ தோலின் பிணைப்பை அவிழ்க்கும் என்பதற்கு இதைச் சான்றாகக் கொள்ளலாகாது.

பழுப்பு நிறத்தின் வரலாறு

1912இல் பிரெஞ்சு வேதியியலர் லூயி கமிய் மயார், சர்க்கரையையும் அமினோ அமிலத்தையும் சேர்த்துச் சூடாக்கினால் கலவை பழுப்பாவதை விளக்கினார். ரொட்டியின் மேற்பொருக்கும், வறுத்த காப்பிக்கொட்டையும், அடுப்பில் சிவந்த ரொட்டிச் சானாயும் இவ்வினையின் விளைவுகள். உணவுத்துறையினரே நெடுங்காலம் இதனைப் போற்றினர். மனித உடலின் 37 பாகை வெப்பத்தில் இது நடக்குமா என்று பலரும் கேட்கவில்லை. சமையலில் நிமிடங்களில் நடப்பது உடலில் ஆண்டுக்கணக்கில் நடக்கும் என்பது புலப்பட அரை நூற்றாண்டு ஆயிற்று.

இடையில் வேறொரு பெருமாற்றம் நிகழ்ந்தது. 1921, 1922ஆம் ஆண்டுகளில் தொராந்தோவில் பாண்டிங், பெஸ்ட், காலிப், மக்ளியாடு ஆகியோர் இன்சுலினைப் பிரித்தெடுத்து நோயாளிக்குச் செலுத்தினர். அதுவரை இளம் நோயாளிகள் சில மாதங்களில் இறந்தனர். இன்சுலினுக்குப்பின் பல்லாண்டு வாழ்ந்தனர். வாழ்ந்ததனால்தான் கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் தோலும் நாட்பட எவ்வாறு கெடுகின்றன என்பது தெரியவந்தது. நீண்டகாலக் கேடுகளின் வரலாறு இவ்வகையில் இன்சுலின் தந்த ஆயுளின் வரலாறே.

திருப்பம் எதிர்பாராத இடத்தில் வந்தது. 1968இல் தெஹ்ரானில் சாமுவேல் இராபர் நோயாளிகளின் ஈமோகுளோபினைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறவி மாறுபாடுகளைத் தேடுவதே அவர் நோக்கம். நீரிழிவு உள்ளவர்களிடம் வழக்கத்துக்கு மாறான பட்டை ஒன்று தென்பட்டது. பின்னர் அது சர்க்கரை ஒட்டிய ஈமோகுளோபின் என்று உறுதியாயிற்று. மருத்துவமனையில் இன்று நாம் கேட்கும் 'ஏ ஒன் சி' சோதனை அதுதான். 1976 அளவில் செராமியின் குழுவினர், நோயாளியின் சர்க்கரை கட்டுக்குள் வந்தால் இவ்வளவும் குறைவதைக் காட்டினர். நொதி எதுவும் ஏவாமல், சர்க்கரை தானே சென்று புரதத்தில் ஒட்டிக்கொள்ளும் இச்செயலைச் சர்க்கரையேற்றம் என்று வழங்குவோம். நொதி செய்யும் வேலை வேறு, இது வேறு. வீட்டிலுள்ளோர் வாயிற்கதவைத் திறந்து விருந்தினரை அழைப்பதற்கும், திறந்துகிடந்த கதவின்வழி எவரேனும் நுழைந்து அமர்ந்துவிடுவதற்கும் உள்ள வேறுபாடு அது.

சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும். ஆகவே ஏ ஒன் சி இரண்டு மூன்று மாத வரலாற்றைச் சொல்லும். தோலின் கொலாஜனோ அவ்வாறன்று. அதில் பாதி மாறுவதற்கே ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிட்டுள்ளனர். ஆசிரியர்களுக்குத் தெரிந்த உவமையில் சொல்வதானால், சிறுநீர் அன்றைய வருகைப் பதிவு. ஏ ஒன் சி பருவத்தேர்வு மதிப்பெண். தோல் பள்ளிக்காலம் முழுமைக்குமான கோப்பு. அக்கோப்பில் எழுதியதை எளிதில் அழிக்க முடிவதில்லை.

ஒட்டிய சர்க்கரை முதலில் தளர்வாகவே நிற்கும். குருதிச் சர்க்கரை குறைந்தால் கழன்றும் போகும். நாள் செல்லச் செல்ல அது உருமாறி, பக்கத்துக் கொலாஜன் கயிற்றின் கையையும் பற்றிக்கொள்ளும். அப்போது உண்டாகும் குறுக்குப் பிணைப்பு நிலையானது. உடல் அளவறிந்து இட்ட கட்டன்று. தேவையற்ற இடத்தில் விழுந்த முடிச்சு. இவற்றை முதிர்ந்த சர்க்கரையேற்றப் பொருள்கள் என்கிறோம். ஆங்கிலத்தில் இவற்றின் பெயர்ச்சுருக்கம் 'ஏஜ்' என்று, அதாவது அகவை என்னும் சொல்லாகவே, அமைந்தது. சொல்லாக்கியோர் இதை அறிந்தே செய்திருக்க வேண்டும்.

அகவை என்பது வெறும் அணிநயமன்று. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 1975இல் ஆம்லின், கோன் முதலியோர் இறந்தோரின் தசைநாணை நொதிகொண்டு கரைத்துப் பார்த்தனர். முதியோரின் கொலாஜன் எளிதில் கரையாது. நீரிழிவால் இளமையில் இறந்தோரின் கொலாஜனும் முதியோருடையதைப்போல் கரைய மறுத்தது. 1984இல் மோனியர், கோன், செராமி ஆகிய மூவரும் நீரிழிவாளர் கொலாஜன் வயதுக்கு முந்திப் பழுப்பேறுவதை எழுதினர். மயார் கண்ட அதே பழுப்பு. 1986இல் மோனியர் குழுவினர், தோலிலிருந்து எடுத்த கொலாஜனின் ஒளிர்வு மிகுந்த நோயாளிகளிடம் கண், மூட்டு முதலியவற்றின் கேடும் மிகுதியாக இருப்பதைக் காட்டினர். நீரில் தொடங்கிய தேடல் அன்று தோலை வந்தடைந்தது.

கூப்பாத கைகள்

ஆய்வுக்கூடத்துக்குள் மட்டும் இருந்த செய்தியன்று இது. நீண்டநாள் நீரிழிவாளர் கைகள் விறைப்பதை டென்மார்க்கின் உலுண்ட்பெக் 1957இல் எழுதினார். 1974இல் உரோசன்புளூம், பிரையாசு இருவரும் இளையோரிடமும் இதைக் கண்டனர். இதை அறிய மருத்துவர் செய்யும் சோதனை மிக எளியது. இரு கைகளையும் கூப்பச் சொல்வர். உள்ளங்கைகளும் விரல்களும் இடைவெளியின்றிப் பொருந்தினால் நன்று. தோலும் விரல் மூட்டைச் சூழ்ந்த இழையங்களும் தடித்து இறுகியிருந்தால் விரல்களிடையே வெளிச்சம் தெரியும். மேலை மருத்துவர் இதை வழிபாட்டுக் குறி என்றனர். நாளும் வணக்கம் சொல்லும் நம் மக்களுக்கு இச்சோதனையைக் கற்பிக்கத் தனி வகுப்பு வேண்டியதில்லை. வலியில்லாதபடியால் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. வயதின் விளைவென்று விட்டுவிடுகின்றனர். கை இறுகியவர்க்குக் கண்ணும் சிறுநீரகமும் பழுதுபடும் வாய்ப்பு மிகுதி என்பதால், இக்குறி கண்டால் மருத்துவரிடம் சொல்வதே முறை. கழுத்தின் பின்புறமும் மேல்முதுகும் தடித்தல், முழங்காலுக்குக் கீழே முன்புறம் பழுப்பு வடுக்கள் தோன்றல் முதலிய வேறு தோற்குறிகளும் உண்டு. அவை எல்லாமே கொலாஜன் பிணைப்பால் வந்தவை என்று கொள்ளற்க.

தோல் இறுகுகிறது என்றால் புண் எளிதில் ஏன் வருகிறது, வந்த புண் ஏன் ஆறுவதில்லை என்று மாணவர் வினவுவர். நல்ல வினா. பழைய கொலாஜன் முடிச்சு விழுந்து விறைத்துப் போகிறது. அழுத்தத்துக்கு வளைந்து கொடுக்கும் தன்மையை இழக்கிறது. மறுபுறம், புதிய கொலாஜனை நெய்ய வேண்டிய உயிரணுக்கள் சோர்ந்து குறைவாகவே நெய்கின்றன. கொலாஜனைத் துண்டிக்கும் நொதிகளோ நீரிழிவாளர் தோலில் மிகுந்து நிற்கின்றன. கிழிந்த துணியைத் தைக்க நூலும் குறைவு, தைத்த நூலை அறுக்கும் கத்தரியும் பக்கத்தில்; இருக்கும் துணியோ கஞ்சியில் விறைத்தது. புண் ஆறாமைக்குக் குருதியோட்டக் குறைவும் நரம்புணர்வு இழப்பும் பெருங்காரணங்கள் என்றாலும், தோலின் இந்நிலையும் அவற்றோடு சேர்ந்துகொள்கிறது.

மருந்து தேடிய கதை

முடிச்சு விழுவதைத் தடுக்க முடியுமா? 1986இல் நியூயார்க்கில் பிரவுன்லி, விலாசரா, செராமி முதலியோர் அமினோகுவானிடின் என்னும் சிறு மூலக்கூறை நீரிழிவுற்ற எலிகளுக்குக் கொடுத்தனர். அது பிணைப்பாக மாறவிருந்த இடைப்பொருளை முந்திச்சென்று பற்றிக்கொண்டது. குருதிக்குழாய்ச் சுவரில் பிணைப்புகள் குறைந்தன. பெரும் நம்பிக்கை பிறந்தது. பின்னர் நோயாளரிடம் நடந்த நீண்ட ஆய்வின் முடிவு 2004இல் வெளியாயிற்று. சிறுநீர்வழிப் புரதம் வெளியேறுவது குறைந்தது. எனினும் ஆய்வின் முதன்மை இலக்கை மருந்து எட்டவில்லை. உயர்ந்த அளவு உட்கொண்டோரில் சிலருக்குச் சிறுநீரக அழற்சி நேர்ந்தது. இணையாக நடந்த மற்றோர் ஆய்வு முன்னரே நிறுத்தப்பட்டது. மருந்து சந்தைக்கு வரவில்லை.

விழுந்த முடிச்சை வெட்ட முடியுமா என்பது அடுத்த கேள்வி. 1996இல் அத்தகைய வேதிப்பொருள் ஒன்று 'நேச்சர்' இதழில் அறிவிக்கப்பட்டது. அதன் வழிவந்த அலகெப்ரியம் என்னும் மருந்து முதியோரின் விறைத்த தமனிகளைச் சற்றுத் தளர்த்தியதாக 2001இல் ஓர் ஆய்வு கூறிற்று. சில ஆண்டுகளில் பணமுடையால் அதன் ஆய்வுகள் நின்றன. பணத்தைக் காட்டிலும் அடிப்படையான தடை ஒன்றும் இருந்தது. மனிதத் தோலில் மிகுதியாக இருக்கும் பிணைப்பு குளுக்கோசிபேன் என்பது 2005 அளவில் தெளிவாயிற்று. அலகெப்ரியம் எவ்வகைப் பிணைப்பை வெட்டுவதற்காக வகுக்கப்பட்டதோ, குளுக்கோசிபேன் அவ்வகையன்று. எலியின் ஆயுள் இரண்டு மூன்று ஆண்டு. மனிதத் தோல் பல பத்தாண்டுகள் பிணைப்பைச் சேர்த்து வைக்கிறது. எலியில் வென்றது மனிதனிடம் தோற்றதற்கு இவ்வேறுபாடும் காரணமாகலாம் என்பது நம் கணிப்பு. 2015இல் யேல் பல்கலைக்கழகத்தார் குளுக்கோசிபேனை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக ஆக்கினர். தூய பொருள் கையில் இருந்தால்தான் அதை வெட்டும் நொதியைத் தேட முடியும், அத்தேடல் நடைபெறுகிறது.

தோலிலேயே பூசத்தக்க மருந்தையும் சிலர் நாடினர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வரானி குழுவினர் நீரிழிவாளர் தோல்துண்டுகளை வளர்ப்பு ஊடகத்தில் வைத்து, உயிர்ச்சத்து ஏ வழிவந்த ரெட்டினாயிக் அமிலத்தைச் சேர்த்தனர். கொலாஜனை அறுக்கும் நொதிகள் அடங்கின. புதிய கொலாஜன் நெய்வது கூடிற்று என 2004இல் எழுதினர். புண் தோன்றுமுன்பே தோலை வலுப்படுத்தலாம் என்னும் எண்ணம் இதனால் வலுப்பெற்றது. ஆயினும் கிண்ணத்தில் வைத்த தோல் வேறு, நடக்கும் காலின் தோல் வேறு. இம்மருந்து தோலை எரிச்சலூட்டவும் கூடும். நீரிழிவாளர் தாமாக வாங்கிக் காலில் பூசத்தக்கதன்று. கடைகளில் விற்கும் கொலாஜன் பானங்களைப் பற்றியும் ஒரு சொல்: உண்ட கொலாஜன் வயிற்றில் செரித்துச் சிறு துண்டுகளாகவும் அமினோ அமிலங்களாகவும் பிரியும். அது தோலில் ஏற்கெனவே விழுந்த சர்க்கரை முடிச்சை அவிழ்க்காது. விலையைப் பார்த்தால் அம்முடிச்சு வாங்குவோர் பணப்பையில் விழுவதே உறுதி.

இதுவரை மெய்ப்பிக்கப்பட்ட வழி எது? 1983 முதல் 1993 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல்வகை நீரிழிவாளர் 1,441 பேரிடம் நடந்த பேராய்வு விடை சொன்னது. ஒரு சாரார் வழக்கமான சிகிச்சை பெற்றனர். அவர்களின் ஏ ஒன் சி 9 விழுக்காட்டளவில் இருந்தது. மற்றவர்க்குச் சர்க்கரையை நெருங்கிக் கண்காணித்து 7 அளவில் வைத்தனர். முன்பு விழித்திரைக் கேடு இல்லாதிருந்தோரில் அக்கேடு புதிதாகத் தோன்றும் வாய்ப்பு நெருங்கிய சிகிச்சையால் 76 விழுக்காடு குறைந்தது. ஆய்வு முடியும் தறுவாயில் 216 பேர் தம் தோலில் சிறு துண்டை ஆய்வுக்கு அளித்தனர். மோனியர் குழுவினர் 1999இல் வெளியிட்ட முடிவின்படி, நெருங்கிய சிகிச்சை பெற்றோர் கொலாஜனில் ஒட்டிய சர்க்கரையும் முதிர்ந்த பொருள்களும் குறைவாக இருந்தன. 2005இல் மற்றொன்றும் தெரிந்தது: அத்தோல்துண்டுகளில் கண்ட அளவுகள், அடுத்த பத்தாண்டில் எவருக்குக் கண்ணும் சிறுநீரகமும் மோசமாகும் என்பதை முன்னுணர்த்தின. ஏ ஒன் சி சொன்னதைக் கழித்த பின்பும் தோல் சொல்ல வேண்டியது மீந்திருந்தது.

ஆய்வு முடிந்தபின் இரு சாராரின் சர்க்கரை அளவும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டது. ஆயினும் முதல் பத்தாண்டில் கட்டுப்பாட்டில் இருந்தோர்க்குக் கேடுகள் பல ஆண்டுகள் குறைவாகவே தொடர்ந்தன. உடல் பழையதை நினைவில் வைத்திருக்கிறது என்று மருத்துவர் கூறுவர். அந்நினைவு தங்கும் இடங்களுள் ஒன்று நெடுநாள் மாறாத கொலாஜன் என்று கருதுகின்றனர். ஆகவே, இச்சிகிச்சையில் 'முன்கூட்டி' என்னும் சொல்லுக்கு மருந்தின் பெயரைவிட எடை மிகுதி. முடிச்சு விழுந்தபின் தேடும் கத்தரி இன்னும் கிட்டவில்லை; விழாமல் காப்பது இன்றே இயலும்.

தோலைக் கீறாமலே பார்க்கும் வழியும் வந்தது. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகர ஆய்வாளர் முன்கையில் புறஊதா ஒளியைப் பாய்ச்சித் தோல் திருப்பி ஒளிர்வதை அளக்கும் கருவியை 2004இல் விளக்கினர். பிணைப்புப் பொருள்களுள் சில இயல்பாகவே ஒளிர்வன. ஆனால் கருந்தோல் ஒளியை மிகுதியாக உள்வாங்குவதால் அளவு பிழைபடக்கூடும். நம்மைப் போன்றோர்க்கு இக்கருவியின் எண்ணை அப்படியே ஏற்க முடியாது என்பதை ஆய்வாளரே ஒப்புகின்றனர்.

இறுதியாக, வேலூரிலிருந்து ஒரு செய்தி. தொழுநோயாளர்க்குக் காலில் புண் வருவது தசை தானே அழுகுவதனால் அன்று, உணர்வற்ற காலில் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் விழும் அழுத்தத்தால் என்பதை வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்டு காட்டினார். புண்பட்ட காலை முழுதும் பொருந்தும்படி மாவுக்கட்டில் பொதிந்து அழுத்தத்தைப் பரப்பினால் புண் ஆறியது. 1966இல் அவர் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே அதே மாவுக்கட்டு நீரிழிவாளர் காலுக்கும் பயன்பட்டது. உள்ளங்காற் புண்ணுக்கு அழுத்தம் நீக்கும் இம்முறை இன்றும் முன்னிலையில் உள்ளது. விறைத்த தோலின் கொலாஜனை அது மாற்றுவதில்லை; அத்தோல் தாங்க முடியாத சுமையை அதன்மீதிருந்து எடுத்துவிடுகிறது. காலை நாளும் பார்த்தல், விரலிடுக்கைத் துடைத்து உலர்த்தல், வறண்ட குதிகாலில் களிம்பிடல், வீட்டுக்குள்ளும் செருப்பணிதல் எனச் செவிலியர் கூறும் அறிவுரைகளும் இதே வகையின. வீட்டுக்குள் செருப்பணிவது நம் வழக்கத்துக்கு ஒவ்வாது என்று மறுப்போர் உண்டு. வீட்டுக்கெனத் தனியே ஒரு சோடி வைத்துக்கொண்டால் அம்மறுப்புக்கு இடமில்லை. அதைப் பாட்டனுக்கும் பாட்டிக்கும் அவர் மொழியில் எடுத்துச் சொல்ல மாணவரைவிடத் தகுந்தவர் இலர்.